கழுத்துவரை பெட்ரோல்

அந்த மஞ்சள் விளக்கு முதல் முறை எரிந்தது திருப்போரூரைத் தாண்டி, செங்கல்பட்டுச் சாலையில் காடு தொடங்குகிற இடத்தில். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு என்ஜின் படம் எரிந்தது. பயம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. வீட்டில் மிக்ஸி, தண்ணீர் மோட்டார், என் வலது முட்டி எல்லாம் முறைவைத்து மக்கர் செய்துகொண்டிருந்த சமயம் அது. நீயும் வரிசையில் நில் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன்.

பின்சீட்டில் என் மாமியார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், வாந்திக்கு. கோவளத்திலிருந்து செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. மெஷினில் படுத்து எழுந்து வந்தால் அடுத்த தடவை வரைக்கும் நடமாடலாம். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு இழுக்கும். தொடர்ந்து தவறினால் அதற்கப்புறம் வண்டியே தேவைப்படாது. டாக்டர் இதைச் சுற்றி வளைக்காமல் எங்கள் எல்லார் முன்னாலும், அத்தை முன்னாலும்தான் சொன்னார். அத்தை அப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய இன்னா வெயிலு" என்றார்.

என் வேலை பொத்தேரியில், ஒரு மாணவிகள் விடுதியின் அலுவலகத்தில். திங்கள், வியாழன் வர முடியாது என்று கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருகிறேன். வேலைக்குப் போவது எல்லா நாளும் பஸ்ஸில்தான். கார் அத்தைக்காக மட்டும். வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியற்காலையில் போனால் கரையேறி, மீனைத் தள்ளிவிட்டு, வலையை உதறி வீடு வர மதியமாகிவிடும். அதனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது மருமகளான என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அன்று வண்டியைக் கழுவி, பங்குக்கு ஓட்டிப்போய் பெட்ரோல் போட்டு வந்து நிறுத்துவது அவர் வேலை. நான் அப்போது பொத்தேரியில் யாரோ ஒரு பெண்ணின் தொலைந்துபோன அறைச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

விளக்கு எரிவதற்கு வெகுநாள் முன்பே அத்தை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"வண்டில நாத்தம் அடிக்குது மே."

"இன்னா நாத்தம் அத்த?"

"பெட்ரோல் நாத்தம். கொடல பொரட்டுது."

எனக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. சாம்பார் தீய்ந்தால்கூட பக்கத்து வீட்டிலிருந்து குரல் கொடுத்தால்தான் தெரியும். வண்டியில் ஏதோ லேசாக இருப்பதுபோல் சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. வீட்டுக்காரருக்கோ அந்த வாசனை தன் உடம்பு வாசனை மாதிரி. போட் என்ஜினுக்கு வாங்குகிற எண்ணெய் கேன்களைத் தூக்கித் தூக்கி அவர் சட்டை, கைலி, தலையணை வரைக்கும் அதுதான் வீசும். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டேன். இந்த நோய்க்கே குமட்டல் உண்டு, எதைப் பார்த்தாலும் வாந்தி வரும், பொறுத்துப் போங்கள் என்றார். அதைக் கேட்டதும் நாங்கள் அத்தனை பேரும் நிம்மதியாகிவிட்டோம். நோயின் மேல் பழியைப் போட்டாகிவிட்டது, இனி யாரும் எதையும் தேட வேண்டாம்.

அத்தை விடவில்லை. நாற்பது வயதுவரை தலைச்சுமையாகவும் அதற்கப்புறம் பஸ்ஸிலும் மீன் கூடை கொண்டுபோய் விற்றவர். கூடை மூடியிருந்தாலும், எது காலையில் வந்த மீன், எது நேற்றுப் பிடித்து ஐஸில் கிடந்தது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அந்த மூக்கைத்தான் அவர் பிள்ளை கிண்டல் செய்தார்.

"ஆயுசு பூரா மீன் கூடையோட கெடந்துட்டு, இப்ப உனக்குப் பெட்ரோல் நாத்தமாம்மா?"

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாண்டா. அப்ப பஸ்ல என் கூடைய பாத்து ஊரே மூக்க பொத்திகினு வந்துச்சு. இப்ப நான் பொத்திகினு போறேன். சரியாப் போச்சு."

சிரித்தாரே தவிர அவர் நாற்றம் என்று சொல்வதை நிறுத்தவில்லை. நாங்களும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தோம். டிக்கியில் எண்ணெய் கேன் ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டேன். டிக்கியின் விரிப்பை எடுத்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன். காப்பித்தூளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டேன். கடையில் ஒரு வாசனைக் குப்பி வாங்கி ஏசி துவாரத்தில் சொருகினேன். அதற்கப்புறம் வண்டியில் மல்லிகைப்பூவும் காப்பியும் பெட்ரோலும் சேர்ந்து அடித்தது என்று அத்தை சொன்னார். முன்னதே தேவலாம் என்றார்.

மஞ்சள் விளக்கு வந்த பிறகு ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். வண்டி ஓடத்தானே செய்கிறது. எரிகிற விளக்குக்கு மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமைதான் அத்தை வரமாட்டேன் என்று உட்கார்ந்தார்.

"அத்த, கெளம்புங்க" என்று வாசலில் நின்று வழக்கம்போலக் கத்தினேன். அவர் கட்டிலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். புடவை மாற்றியாகிவிட்டது, தலை வாரியாகிவிட்டது, துண்டும் பக்கத்தில் இருந்தது.

"நான் வர்ல."

"இன்னா அத்த இது?"

"அந்த நாத்தத்துல என்னால குந்திகினு வர முடியாது. போ மே, நீ வேலைக்குப் போ."

கெஞ்சினேன், மிரட்டினேன். டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். பஸ்ஸில் போகலாமா என்றேன். ஊசி குத்தி நாலு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு பஸ்ஸில் நின்று வருகிற தெம்பு அவருக்கு இல்லை என்று எனக்கே தெரியும். வாடகை கார் ஒருநாள் இருநாள் என்றால் சரி, வாராவாரம் இரண்டு தடவை என்றால் வீடு தாங்காது. அன்று போகவில்லை. மதியம் வீட்டுக்காரர் வந்து அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் என்னிடம் கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். மறுநாள் அத்தையின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. சனிக்கிழமை படுத்தால் மூச்சு விட முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஞாயிறு, அந்த நாற்றத்தில் ஏறமாட்டார் என்று, தெரிந்தவர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயசானவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நீங்கதான் பார்த்துக்கணும் என்று என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். தலையாட்டுவதற்கு மட்டும் எனக்கு எப்போதும் தெம்பு இருக்கிறது.

அப்போதுதான் முடிவு செய்தேன். நாற்றம்தான் காரணம் என்றால் நாற்றத்தை ஒழித்துவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் அவர் எப்படி வராமல் இருப்பார் என்று பார்க்கிறேன்.

மாமல்லபுரம் போகிற வழியில் பூஞ்சேரி கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. நடத்துகிறவர் என்னைவிட வயதில் சின்னவர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, கையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார்.

"என்ஜின் நல்லா கீதுக்கா. இது பெட்ரோல் ஆவி போற லைன்ல வர்ற கம்ப்ளைண்ட்டு."

"ஆவியா?"

அவர் விளக்கினார். பெட்ரோல் சும்மா இருக்காது, வண்டி நின்றுகொண்டிருந்தாலும் டேங்குக்குள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் அது வெளியே போய்விடும். இப்போது வருகிற வண்டிகளில் அதை வெளியே விடுவதில்லை. ஒரு குழாய் வழியாக, அடுப்புக்கரி மாதிரி கரி அடைத்த ஒரு டப்பாவுக்குள் அனுப்புகிறார்கள். கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து, என்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். இந்த வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே அடைத்துக்கொண்டாலும் விளக்கு எரியும்.

"சொம்மா பெட்ரோல் மூடி லூசா இருந்தா கூட எரியும்க்கா. பத்துல எட்டு வண்டிக்கு அதான். ரப்பர் காஞ்சு போயிருக்கும்."

புது மூடி போட்டார். விளக்கை அழித்தார். எனக்குக் கால் கிலோ எடை குறைந்ததுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய் அத்தையிடம், "மூடிதான் லூசு, வேற ஒண்ணுமில்ல" என்று அறிவித்தேன். அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த திங்கட்கிழமை வாந்தி எடுத்தார். அதற்கடுத்த திங்கட்கிழமை அதே காட்டோரம், அதே விளக்கு, பழையபடி எரிந்தது. ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டேன். ஹாரன் அடித்ததில், முன்னால் போய்க்கொண்டிருந்த செங்கல் லாரிக்காரர் கையை வெளியே நீட்டி என்னைத் திட்டினார்.

"கோச்சுக்காத மே" என்றார் அத்தை, கவரை முடிச்சுப் போட்டுக்கொண்டே. "திங்கக்கெழமைதான் இப்பிடி. வியாழக்கெழமை இவ்ளோ நாத்தம் இல்ல."

"திங்கக்கெழமைன்னா எல்லாத்துக்கும்தான் கொமட்டும்" என்றேன். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டேனே தவிர மண்டைக்குள் போகவிடவில்லை. கொளவாய் ஏரி வந்தது. ஏரியைப் பார்த்ததும் அத்தை எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "இவ்ளோ தண்ணி கீது. எனக்கு ஒரு சொம்பு குடிக்கக் கூடாதாம்."

விடுதியில் ஏதோ பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நாள் பூராவும் படுத்துக் கிடக்கலாம் என்று இருந்தேன். வீட்டுக்காரர் பங்குக்குக் கிளம்பும்போது கூட வா என்றார். கல்யாணமான புதிதில் கூட்டிக்கொண்டு போனது மாமல்லபுரம் கடற்கரைக்கு. இப்போது பெட்ரோல் பங்குக்கு. சரி, அதுவாவது என்று ஏறி உட்கார்ந்தேன்.

பங்கில் அவருக்கு எல்லாரையும் தெரியும். டேங்க் நிரம்பியதும் குழாய் க்ளிக் என்று தானாக நின்றது. நான் சீட் பெல்ட்டைப் போட்டேன். வண்டி கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தால் பங்குக்காரர் குழாயை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தார். இவர் வண்டிக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் டிக்கிமேல் ஊன்றி, வண்டியை மேலும் கீழுமாகக் குலுக்க ஆரம்பித்தார். உள்ளே நான் ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல் ஆடினேன்.

"இன்னும் கொஞ்சம் புடிக்கும் அண்ணாத்த" என்றார் பங்குக்காரர்.

"ஊத்துபா. காத்து வெளிய வரட்டும்." மறுபடி குலுக்கல். டேங்குக்குள்ளிருந்து கொப்புளம் வெடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. கடைசியில் பெட்ரோல் வாய் வரைக்கும் வந்து மினுமினுத்த பிறகுதான் மூடினார்கள். பக்கத்து பைக்குக்காரர் ஏதோ வித்தை காட்டுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு மூன்று தடவை முக்கி முனகித்தான் எழுந்தது.

"எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டேன்.

"ரொப்பினா இப்பிடித்தான் முக்கும். அப்பால சரியாயிடும்."

"அத கேக்கல. எப்பவும் இப்பிடி குலுக்கித்தான் ரொப்புவியா?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. போட் டேங்கை அப்படித்தான் நிரப்புவார்களாம். குலுக்கிக் குலுக்கி, உள்ளே காற்றுக்கு இடமே இல்லாமல். டேங்குக்குள் காலியாக இருக்கிற ஒவ்வொரு விரற்கடையும் கடலிலிருந்து கரைக்கு வரமுடியாமல் போகிற அவ்வளவு தூரம். அவர் அப்பா ஒருமுறை நடுக்கடலில் அப்படி எண்ணெய் தீர்ந்து நின்றுபோய், காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், வேறு ஊர் போட் கண்டு கயிறு போட்டு இழுத்து வந்ததாம். எனக்கு அந்தக் கதை தெரியும், காரில் வந்து முடியும் என்று தெரியாது.

"அம்மாவ இட்டுகினு போற வண்டி. அந்தக் காட்டு ரோட்ல நின்னுபோனா எவன் வந்து ஊத்துவான்? நீ பொம்பள, அது நோயாளி. நான் கடல்ல இருப்பேன்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னால கூட வர முடில. இதுவாவது கழுத்து வரைக்கும் இருக்கட்டும்னு ரொப்பறேன்."

சண்டைக்குத் தயாராக இருந்தேன். அதைக் கேட்டதும் சண்டை போடுகிற சக்தி போய்விட்டது. ஞாயிறு நிரப்பினால் திங்கள் நாற்றம். திங்கள் ஓடிக் கொஞ்சம் குறைந்தால் வியாழன் நாற்றம் குறைவு. அத்தை கணக்காகச் சொல்லியிருக்கிறார், நான்தான் அதைக் குறட்டைச் சத்தம் மாதிரிக் கேட்டிருக்கிறேன். நேராகப் பூஞ்சேரிக்கு விடச் சொன்னேன்.

மெக்கானிக் ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்தார். மூடி என்று தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குலுக்குகிற கதையைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். வண்டியைத் தூக்கி, பின்பக்கம் அடியில் படுத்து, கறுப்பாக ஒரு டப்பாவைக் கழற்றி எடுத்து வந்தார். பார்க்க ஒன்றுமில்லை, பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான். அதைச் சாய்த்தார். பெட்ரோல் ஊற்றியது. சொட்டவில்லை, ஊற்றியது. என் மூக்கடைப்பையும் தாண்டி அந்த நாற்றம் ஏறியது. இதைத்தானா அத்தை வாரம் இரண்டு நாள் குடித்துக்கொண்டு வந்தார்?

"பாத்தீங்களாண்ணா? ஆவி மட்டும்தான் இதுக்குள்ள வரணும். நீங்க பெட்ரோலையே ஏத்திட்டீங்க. கரி பூரா ஊறிப்போச்சு. இனிமே இது எதையும் புடிச்சு வைக்காது. நாத்தம் உள்ளதான் வரும், விளக்கு எரியத்தான் எரியும்."

வீட்டுக்காரர் குனிந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"க்ளிக்னு நின்னா நிறுத்திடணும்ணா. அதுக்கு மேல இருக்கற எடம் ஆவிக்குன்னே வுட்டது."

"நான் அத காலி எடம்னுல நெனச்சுகினு இருந்தேன்" என்றார் இவர். பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து, தரையில் பரவுகிற பெட்ரோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பத்திரமாக அனுப்புகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் தன் கையாலேயே செய்திருக்கிறார். அவரை என்ன சொல்வது? நானும் போய்ப் பக்கத்து டயரில் உட்கார்ந்தேன். வேறு டப்பா வந்து மாட்டி, குழாய்களை ஊதிச் சுத்தம் செய்து, டேங்கில் அதிகமாக இருந்ததை இறக்கி, விளக்கை அழிக்கிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை. வாசனைக் குப்பி, காப்பித்தூள் மூட்டை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கதவு நாலையும் காலையிலிருந்து திறந்துவைத்திருந்தேன். கேளம்பாக்கம், திருப்போரூர், காடு. விளக்கு எரியவில்லை. கவர் அத்தையின் மடியில் மடித்தபடி இருந்தது.

"அத்த, நாத்தம் வருதா?"

"இல்ல."

"கொமட்டுதா?"

"இல்ல மே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் பாஸானதுபோல் இருந்தது. "பாத்தீங்களா! உங்க புள்ள பண்ண வேலை. நீங்க சொன்னதுதான் கரெக்ட்டு" என்று பேசிக்கொண்டே போனேன். குலுக்கி நிரப்பியது, கரிடப்பா, வால்வு, ஆவி எல்லாம் விளக்கினேன். கண்ணாடியில் பார்த்தேன். அத்தை அழுதுகொண்டிருந்தார்.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். "இன்னா அத்த? வலிக்குதா? மூச்சு வாங்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாத்தம் இருந்தவரைக்கும், வர்லன்னா நாத்தத்தால வர்லன்னு சொல்லிகினு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. இனிமே இன்னாத்த சொல்லுவேன்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், இரண்டும் எங்களை உரசிக்கொண்டு போயின.

"நாத்தம் நெஜந்தான் மே. பொய் சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. சலிச்சுப் போச்சு எனக்கு. குத்தறான், படுக்கறேன், ரத்தம் சுத்தி வருது, வூட்டுக்கு வந்து ரெண்டு வாய் துன்னா திரும்ப வியாழக்கெழமை வந்து நிக்குது. இதுக்கு முடிவுன்னு ஒண்ணு கீதா? அவன்கிட்ட எப்பிடி இத சொல்றது? வண்டிய குலுக்கி குலுக்கி ரொப்பறான் எனக்கோசரம். நீ ஞாயித்துக்கெழமை கூட வேலைக்கு ஓடற. உங்ககிட்ட போய் நான் போதும்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

சரியாயிடும் என்று சொல்ல வாயெடுத்தேன், எது சரியாகும்? வண்டிதான் சரியாகிவிட்டதே. நானும் சலித்துப் போயிருந்தேன். இரண்டு பேரும் ஒரே சாலையில் வாரம் இரண்டு தடவை போய்வந்து, ஒருத்திக்கொருத்தி சொல்லாமலே சலித்துப் போயிருந்திருக்கிறோம். ரோட்டோரம் நின்று நானும் அழுதேன். அத்தைதான் முதலில் சுதாரித்தார்.

"போ மே, வண்டிய எடு. லேட்டா போனா என் கட்டில வேற ஆளுக்குக் குடுத்துடுவானுங்க."

அன்று அவர் படுத்து எழுந்து வந்தார். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன், காட்டோரம் நடந்தது எல்லாவற்றையும். நாளையிலிருந்து அத்தையிடம் கிளம்புங்க என்று சொல்லப்போவதில்லை, வரீங்களா என்று கேட்கப்போகிறேன் என்றேன்.

"கேட்டா? இல்லன்னு சொல்லிட்டா?"

"தெரியல."

"தெரியலன்னா இன்னா மே அர்த்தம்?" என்று எழுந்து நின்றார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கரைப்பக்கம் போனவர், நான் சாப்பாடு எடுத்துவைத்த பிறகுதான் வந்தார்.

வியாழக்கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை. காலையிலேயே பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே கழுவியிருந்த காரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினார். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புடவை மாற்றவில்லை. நான் வாசலில் நின்று கத்தாமல், உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்த, இன்னிக்குப் போலாமா, வேணாமா?"

இத்தனை நாளில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். நிஜமாகவே யோசித்தார். வெளியே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. ஏன் கேட்டோம், பேசாமல் கத்தி இழுத்துப் போயிருக்கலாமே என்று தோன்றியது.

"துண்டு எங்க வச்ச?" என்றார் கடைசியில். "இன்னிக்கு வரேன்."

இன்றைக்கு மட்டும்தான் அது பதில் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வீட்டுக்காரர் இப்போது க்ளிக் என்ற சத்தம் கேட்டதும் பங்குக்காரரின் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறார். மஞ்சள் விளக்கு திரும்ப எரியவில்லை. ஒவ்வொரு திங்களும் வியாழனும் கேட்கிறேன். வாரத்தில் நான் செய்கிற வேலைகளிலேயே பெரிய வேலை அதுதான். சில நாள் உடனே எழுந்துவிடுவார். சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இன்று காலையும் கேட்டேன். பதில் வரும்வரைக்கும் சாவியைக் கையில் எடுக்கவில்லை.